பதினெட்டு நாள் மணந்தவன்

தவசிலிங்கம் செத்துப் பதினெட்டு நாள் கழித்துத்தான் எரித்தோம். அதுவரை அவன் நாறவில்லை. மணந்தான். எப்படி என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், அதுவும் ஒருமுறைதான்.

முள்ளூரணியில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல் போடுகிறவன் நான். சாமியானா, நாற்காலி, பிணம் வைக்கிற கண்ணாடிக் குளிர்பெட்டி, எல்லாம் என்னிடம்தான். பெட்டியோடு ஒரு சின்ன மிஷினும் கொண்டுபோவேன். கொசு மிஷின் மாதிரி இருக்கும். பிளக்கில் சொருகினால் அடியில் திருகியிருக்கிற குப்பியிலிருந்து சென்ட் தண்ணீரைத் திரி உறிஞ்சும், சூட்டில் அது ஆவியாகும், அறை முழுக்க மல்லிகையோ எலுமிச்சையோ மணக்கும். சாவு வீட்டில் நாலு பேர் மூக்கைப் பொத்தாமல் உட்கார வேண்டுமே, அதற்கு.

தவசிலிங்கம் லாரி டிரைவர். வடக்கே போய்த் திரும்புவதற்குள் மாசம் ஓடிவிடும், அப்படி நாற்பது வருஷம் ஓட்டினவன். எழுபத்திரண்டு வயசில், காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமலே போய்ச் சேர்ந்தான். பெண்டாட்டி வேலம்மாள். ஒரே மகன் பூலோகராஜ், முப்பத்தாறு வயசு, அரபு நாட்டில் வேலை.

அந்த மகன் எட்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து சீட்டில் அப்பனும் இருக்க, அப்பன் லாரியை வாழைத்தார் லோடோடு ஒரு வளைவில் கவிழ்த்துவிட்டான். லாரி போனது. அப்பன் பஸ் ஸ்டாப்பில், ஊர் பார்க்க, "இனி என் மூஞ்சியில முழிக்காதலே" என்று சொல்லிவிட்டான். கோபத்தில் எல்லா அப்பனும் சொல்கிறதுதான். இந்தப் பயல் கேட்டுவிட்டான், அதுதான் வினை. போனவன் வரவில்லை, போனில் அப்பன் குரல் கேட்டால் வைத்துவிடுவான்.

தவசிலிங்கம் செத்த அன்று மத்தியானம் நீர்மாலைக்குப் போனார்கள். பிணத்தைக் குளிப்பாட்டப் பங்காளிகள் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறது. நாலு மூலையிலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, அதன் நிழலில், சங்கும் கொட்டுமாக, செத்தவனின் தம்பி மகள் இசக்கியம்மாள் பித்தளைச் செம்பில் தண்ணீரோடு வாசல் ஏறுகிற நேரத்தில் வேலம்மாள் போன் அடித்தது.

"யம்மா, நான் வாரேன். நான் பாக்காம எடுத்துராதீங்க."

அவ்வளவுதான். வேலம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"எடுக்கக் கூடாது," என்றாள்.

"என்னைக்கு வாரான்?" என்றேன்.

"தெரியாது. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்காம்."

"தங்கச்சி, வெயிலப் பாத்தியா? பிணம் தாங்குமா?"

"அண்ணாச்சி, அந்தச் சொல்லோட இவரை எரிச்சா இவருதான் சாம்பலாவாரு, சொல்லு ஆகாது. அது எம் பிள்ள தலைமேல நிக்கும், அவன் சாகுற வரைக்கும். வந்து மூஞ்சியில முழிக்கட்டும். அப்புறம் எடுங்க."

போனிலேயே முகத்தைக் காட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். போனில் பார்ப்பது பார்ப்பது, முழிப்பது ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

நான் குளிர்பெட்டியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். லோ வோல்டேஜ். பெட்டி உறுமும், ஒரு குலுக்குக் குலுக்கும், அணையும். அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாள் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். எங்கள் ஊர் வழக்கம் இது: நீர்மாலைத் தண்ணீர் எடுத்தால் எடுத்ததுதான். தரையில் வைக்கக் கூடாது, கொட்டக் கூடாது, எடுத்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. பிணத்தின் மேல்தான் ஊற்ற வேண்டும், ஊற்றினால் உடனே பிணத்தை எடுத்துவிட வேண்டும். பிணத்தை எடுக்கப் போவதில்லை என்றால் தண்ணீர் என்ன ஆவது என்று எந்தப் பெரியவனும் யோசித்து வைக்கவில்லை.

"மாமா, இத எங்க வைக்க?"

"இரு."

"மாமா, இடுப்பு இத்துப்போச்சு, எங்க வைக்க?"

"இரும்மா."

"மாமா..."

மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. மிஷினின் குப்பி காய்ந்து கிடந்தது கண்ணில் பட்டது. "இந்தா, இந்தக் குப்பியில ஊத்தித் தொலை," என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஊற்றிவிட்டாள். பெரிய மனுஷன் சொன்னால் கேட்கிற பிள்ளை. குப்பி கட்டை விரல் பருமன், ஒரு மடக்குத்தான் கொண்டது. மிச்சத் தண்ணீரைச் செம்போடு கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டோம். நான் பெட்டியை அணைத்து மூடியைத் திறந்துவிட்டேன். மிஷினைச் சொருகினேன். சீரோ வாட் பல்புக்கு வேண்டிய கரண்டுதான் அதற்கு வேண்டும், அது மட்டும் எரிந்தது.

மறுநாள் காலையில் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஆஸ்பத்திரி வாசம். டெட்டால், குளுக்கோஸ், கசங்கின படுக்கை விரிப்பு. பிணவாடை இல்லை. துணியை அவிழ்த்துவிட்டுக் குனிந்து மோந்தேன். இல்லை. தவசிலிங்கம் தூங்குகிற மாதிரி கிடந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தது போன வருஷம்.

இரண்டாம் நாள் பீடியும் ஆட்டுக்கொட்டிலும் மணந்தது. லாரி இல்லாமல் அவன் சும்மா இருந்து ஆடு வளர்த்த காலம் அது. மூன்றாம் நாள் அழுத மனுஷனின் தலையணை வாசம். அப்படி ஒரு வாசம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது, அன்றைக்கு ஊரே மோந்தது. நாலாம் நாள் பழுத்து நசுங்கின வாழைத்தாரின் வாசம் தெருவில் ஓடியது, அதன் பின்னாலேயே டீசல், அதன் பின்னாலேயே ரத்தம், ரத்தத்துக்குள்ளே மருதாணி போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய். வேலம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இது எம் பிள்ள தலைக்கு நான் காய்ச்சுன எண்ணெய்," என்றாள். "இவருக்குள்ள எப்படி இருக்கு இது? நெஞ்சோட அணைச்சிருக்காரு அண்ணாச்சி. மண்டை உடைஞ்சு கிடந்தவனை வண்டிக்குள்ளருந்து இழுத்து நெஞ்சோட அணைச்சிருக்காரு. அப்புறந்தான் திட்டியிருக்காரு. எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலியே."

தவசிலிங்கம் எங்கே சொல்லப்போகிறான். ஆம்பிளைக்குத் திட்டினது ஊருக்குத் தெரியலாம், அணைத்தது தெரியக் கூடாது.

ஐந்தாம் நாள் மாடக்கண்ணு வந்தான். நாவிதன், முள்ளூரணியில் ஒரு முகம் விடாமல் தெரிந்தவன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, போன மாசம் நான் ஒதுக்கிவிட்ட மீசை இது. பஞ்சு மாதிரி வெள்ளை. இப்பப் பாருங்க."

மீசையின் வேரில் கறுப்பு ஏறியிருந்தது. கன்னத்துக் குழி மேடாகியிருந்தது. அப்போதுதான் விளங்கிற்று. தண்ணீர் ஆவியாகிற கணக்கில் அவன் வயசும் ஆவியாகிக்கொண்டிருந்தது, நாளுக்கு இரண்டு வருஷம், பின்னாலிருந்து முன்னால். போகிற வயசுதான் வாசமாகி வெளியே வந்துகொண்டிருந்தது.

யாரும் கூச்சல் போடவில்லை. செருப்பை வாசலில் கழற்றிப் போட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். ஆறாம் நாள் வற்றல் மிளகாய் லோடு வெளியே வந்து மூன்று தெரு தும்மியது, கைப்பிள்ளை தும்மியது, கோழி தும்மியது, தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எட்டாம் நாள் நாக்பூர் ஆரஞ்சு. விடியக்காலையில் அது ஊருக்குள் இறங்கியபோது, ஆரஞ்சுப் பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்திருந்த கிழங்கட்டைகள் எல்லாம் எழுந்து வந்து வாசல்களில் நின்று, வாயைத் திறந்துகொண்டு, மழையைக் குடிக்கிற மாதிரி அந்தக் காற்றைக் குடித்தார்கள். அன்றைக்கு யார் வீட்டுக் குழந்தையும் சோறு கேட்கவில்லை. அப்புறம் ஈரச் சாக்கு, அப்புறம் பெருங்காயம், அப்புறம் எங்கேயோ வடக்கே மழை பெய்த கரிசல் மண், தேவதாரு மரம், பனி விழுகிற ஊரின் புகை. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் சந்தை தாண்டினதில்லை. பதினெட்டு நாளில் அவர்கள் மூக்கு இந்தியா முழுக்கப் போய்வந்துவிட்டது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துச் சோறு வந்தது. ஒப்பாரி வைக்க வந்த பெண்களுக்குப் பத்தாம் நாளோடு பாட்டுத் தீர்ந்துவிட்டது. பாடினதையே பாடிப் பார்த்தார்கள். ஒருத்தி கறுத்த மீசையோடு கிடந்தவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தன்னை மறந்து கல்யாண நலுங்குப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள், எடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒருத்தரும் வையவில்லை. "மிச்சத்தையும் பாடு," என்றாள் வேலம்மாள்.

சுகாதார அதிகாரி ஒருத்தர் வந்தார். யாரோ மனுப் போட்டிருந்தார்கள். மூக்குக்கு முகமூடி, கையில் காகிதம். "சட்டப்படி இத்தனை நாள் பிணத்தை வீட்ல வைக்கக் கூடாது, துர்நாற்றம்..." என்று ஆரம்பித்தவர் முகமூடியைக் கழற்றினார். அன்றைக்குக் குங்குமப்பூவும் பால்கோவாவும் ஏற்றின லோடு. நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். "துர்நாற்றம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது என்னிடம் ரகசியமாக, "நாளைக்கு என்னவா இருக்கும்?" என்றார்.

"எனக்கென்ன தெரியும். வந்து பாரும்," என்றேன். வந்தார், குடும்பத்தோடு.

எல்லாம் சரி. ஆனால் வேலம்மாளுக்குப் பயம் பிடித்தது. முதலில் அவள் பயந்தது தண்ணீருக்கு. தினமும் காலையில் குப்பிக்கு ஒரு மடக்கு ஊற்றுவாள், ஒரு ஈர்க்குச்சியைச் செம்புக்குள் விட்டு ஈரம் எதுவரை என்று பார்ப்பாள். அப்புறம் அவள் பயம் முகத்துக்கு வந்தது. தலைமுடி கறுத்துவிட்டது, கழுத்துத் தோல் இறுகிவிட்டது. மகன் தெரிந்து வைத்திருக்கிற அப்பன் அறுபத்திநாலு வயசு அப்பன். வந்து பார்க்கும்போது பெட்டிக்குள் வேறு எவனோ ஒரு வாலிபன் கிடந்தால், அது எப்படி அப்பன் முகத்தில் முழித்தது ஆகும்?

"அப்ப நிறுத்திப் பாப்போம்," என்று சுவிட்சை அணைத்தேன். கால் மணி நேரம் ஆகவில்லை, எங்கிருந்தோ ஒரே ஒரு ஈ வந்து தவசிலிங்கத்தின் உதட்டில் உட்கார்ந்தது. இத்தனை நாளில் முதல் ஈ. வேலம்மாள் போட்ட சத்தத்தில் நானே பாய்ந்து சுவிட்சைப் போட்டேன். ஈ போய்விட்டது.

ஆக, ஓடவிட்டால் முகம் போகும், நிறுத்தினால் உடம்பு போகும். அவள் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து ஓடட்டும் என்றாள். மகன் போன் பண்ணினான்: பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, பதினெட்டாம் நாள் மத்தியானம் வந்துவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் கோயில் தர்மகர்த்தா பால்வண்ணம் நாலு பேரோடு வந்தார். ஊருக்குள் பிணம் கிடந்தால் நடை திறக்கக் கூடாது. அம்மன் பன்னிரண்டு நாளாக விளக்கு இல்லாமல் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை கொடை, அம்மனுக்கு எடுக்கிற திருவிழா.

"வேலம்மா, பிள்ளை பாசம் எங்களுக்கும் உண்டு. ஆனா கொடை நிக்கப்படாது. இன்னைக்கு எடுத்துரணும்."

"ஆறு நாள் பொறுங்க மாமா."

"அம்மன் பொறுப்பாளா?"

 பதில் வேறு பக்கம் இருந்து வந்தது. மிஷினின் வாயில் ஒரு நூல் ஆவி எழும்பிற்று. சந்தனம். அதன் மேல் மஞ்சள், அதன் மேல் பொங்கப்பானையின் விளிம்பில் தீய்ந்த பால், வேப்பிலை, வெட்டின ஆட்டின் சூடு, பெட்ரோமாக்ஸ், வெடிமருந்து. இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால் இதே தவசிலிங்கம் லோடைப் பாதி வழியில் இறக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்த கொடை அது. பால்வண்ணத்தின் அப்பா சாமியாடின கடைசிக் கொடை. பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. கொட்டு இல்லை, குலவை இல்லை, ஒரு சின்னப் பிளாஸ்டிக் மிஷின் ஓசையில்லாமல் கொடை நடத்திக்கொண்டிருந்தது. பால்வண்ணம் துண்டை இடுப்பில் கட்டினார். கையெடுத்துக் கும்பிட்டது அம்மனையா, பிணத்தையா, மிஷினையா, தெரியாது.

"அப்பா போட்டுக்கிட்ட ஜவ்வாது," என்றார்.  பிறகு கூட வந்தவர்கள் பக்கம் திரும்பி, "கொடை அடுத்த வெள்ளி. போங்கலே எல்லாரும்," என்றார்.

பதினைந்தாம் நாள் கரண்டு கிடையாது என்று முந்தின நாளே அறிவித்துவிட்டார்கள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிவதற்குள் எட்டரை மணிக்கு ஒரு லாரி தெருவுக்குள் ரிவர்ஸில் வந்து பந்தலை ஒட்டி நின்றது. அப்புறம் இன்னொன்று. எந்தெந்த ஊர் டிரைவர்களோ. தவசிலிங்கத்தோடு ஒரு காலத்தில் டீ குடித்தவர்களாம். கேபினில் இருந்த இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து மிஷினுக்குக் கொடுத்துவிட்டு, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வந்த வாசம் புது டயர். ஒவ்வொருத்தனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டயர் வாசத்துக்கு அழுகிற கூட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

பதினெட்டாம் நாள் செம்பின் அடியில் ஒரு கை தண்ணீர் இருந்தது. மத்தியான பஸ்ஸில் பூலோகராஜ் இறங்கினான். ஒரு பை, எட்டு வருஷ வெயில், கருகருவென்று மீசை. பந்தல் வரைக்கும் வந்தான். படியில் கால் வைக்கவில்லை.

"ஏலே, உள்ள வா," என்றேன்.

"அவரு முழிக்காதன்னு சொல்லிட்டாரே மாமா."

"செத்தவன் எந்திச்சு வந்து வெத்தலைபாக்கு வைப்பானா? போலே."

அவன் அசையவில்லை. வேலம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். பதினெட்டு நாளில் இளைத்து ஈர்க்குச்சியாகி இருந்தாள். மகனைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. அவன் தலையைப் பிடித்துத் தாழ்த்தி, வகிட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய தழும்பை மோந்து பார்த்தாள்.

"இந்த எண்ணெய் அவருக்குள்ள இருந்துச்சு," என்றாள். "உன்னை நெஞ்சோட வச்சிருந்தாரு. சொன்னது மட்டும் உனக்குக் கேட்டுச்சு. போ. ஆனா ஒண்ணு, உங்கப்பா மாறிப்போயிருக்காரு. அடையாளம் தெரியலன்னா நான் பொறுப்பில்லை."

 இத்தனை நாள் காத்தது இதற்கு. அவன் பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டால் முடிந்தது கதை.

உள்ளே போனான். நாங்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றோம். அறையில் அன்றைக்கு ஒரே ஒரு வாசம்தான் இருந்தது, பச்சைக் குழந்தையின் உச்சி மண்டை வாசம். தவசிலிங்கம் முப்பத்தாறு வயசில், பிறந்த மகனைத் தூக்கி மோந்தது. பையன் பெட்டிக்கு மேல் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

பெட்டிக்குள் கிடந்தது அவன்.

அதே நெற்றி, அதே கோணல் மூக்கு, மேலுதட்டில் ஒரு பக்கம் ஏறின அதே கறுப்பு மீசை. வகிட்டுத் தழும்பு ஒன்றுதான் இல்லை. அவன் தன் மீசையைத் தொட்டான். அந்த மீசையைத் தொட்டான். தலையைச் சாய்த்துப் பார்த்தான், கண்ணாடி முன்னால் செய்கிற மாதிரி.  

"யம்மா," என்றான், திரும்பாமலே. "இவரு மூஞ்சியிலதான் நான் தினமும் முழிச்சிருக்கேன். எட்டு வருஷமா. ஒரு நாள் விடாம."

வேலம்மாள் அப்போதுதான் அழுதாள். முதல் நாள் நிறுத்தின இடத்திலிருந்து எடுத்த மாதிரி அழுதாள்.

நான் போய் சுவிட்சை அணைத்தேன். செம்பிலிருந்த ஒரு கைத் தண்ணீரை மகன் அப்பன் தலையில் விட்டான். நீர்மாலைத் தண்ணீர், தரையில் படாமல், திரும்பிப் போகாமல், போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஈ வருவதற்குள் எடுத்தோம். முப்பத்தாறு வயசு ஆளின் கனம் இருந்தது. தூக்கின நாலு பேரும் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

மிஷின் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கப்புறம் அதில் ஒன்றும் ஊற்றவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குச் சுடுகாட்டில், கொள்ளி வைக்கும் முன், மாடக்கண்ணு பூலோகராஜை உட்கார வைத்துத் தலையையும் மீசையையும் மழித்தான். முடித்துவிட்டு, கடையில் செய்கிற பழக்கத்தில், கைக்கண்ணாடியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டான். நீட்டின பிறகுதான் இது கடை இல்லை என்று உறைத்து, கை பாதியில் நின்றது.

பையன் கண்ணாடியை மெதுவாகத் தள்ளினான்.

"வேண்டாம்ணே. பாத்தாச்சு."